வாசற்படிக் குறையும் உலக சமாதானமும்

படிப்பு வட்டப் பாடம்

ஊர்ச் சங்கங்களின் கூட்டங்களில் அடிக்கடி எழும் விவாதம் ஒன்று உண்டு. "சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பஸ் இல்லை. இவற்றைக் கவனிக்க வேண்டிய சங்கம், எங்கோ நடக்கும் யுத்தத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றுவானேன்?" என்று ஒரு சகோதரர் கேட்பார். "அங்கே பச்சிளம் பாலகர்கள் குண்டுக்கு இரையாகும்போது, இங்கே சாக்கடையைப் பற்றிப் பேச நமக்கு எப்படி மனம் வருகிறது?" என்று மற்றொரு சகோதரர் எழுந்து பதில் சொல்வார். கூட்டம் இரண்டாகப் பிரியும். கடைசியில் சாக்கடையும் அப்படியே கிடக்கும். தீர்மானமும் குறிப்புப் புத்தகத்திலேயே தூங்கும்.

இருவரும் நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள். ஆனால் இரு காரியங்களும் வேறு வேறு என்று எண்ணிவிட்டார்கள். கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் கடந்த எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். யுத்தம் வந்த போதெல்லாம் ஏழை எளியவர் தம் குறையைச் சொல்லும் உரிமை பறிபோயிருக்கிறது. அந்த உரிமையை ஜனங்கள் ஒற்றுமையோடு பயன்படுத்திய போதோ, சமாதானத்துக்கும் வழி பிறந்திருக்கிறது. இதுவே இப்பாடத்தின் கருத்து. இதை முதலில் நம் மார்க்க வரலாற்றிலும், பின்னர் நாம் வாழும் மண்ணிலும் வைத்துப் படிப்போம்.

1. மக்காவில் நடந்த ஒப்பந்தம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வயது. நபித்துவம் அருளப்படுவதற்கு இருபது ஆண்டுகள் முந்திய காலம். 'ஃபிஜார்' என்னும் யுத்தம் ஓய்ந்திருந்தது. போர் செய்யலாகாத புனித மாதங்களின் கண்ணியத்தைக் குலைத்த யுத்தம் என்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. யுத்தம் ஓய்ந்தாலும் மக்காவில் நீதி ஓங்கவில்லை. வலியவன் வைத்ததே சட்டமாக இருந்தது.

அவ்வேளையில் யமன் நாட்டு ஸபீத் என்னும் ஊரிலிருந்து வியாபாரி ஒருவர் சரக்கோடு மக்கா வந்தார். குறைஷிகளின் பெரிய மனிதர்களுள் ஒருவரான ஆஸ் இப்னு வாயில் அச்சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தார். வந்தவருக்கு அவ்வூரில் இனமில்லை, சொந்தபந்தமில்லை, கேட்பாரில்லை. அவர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று, கஅபாவைச் சுற்றி அமர்ந்திருந்தோர் காதில் விழும்படி தம் முறையீட்டைக் கூவினார்.

அக்குரலைக் கேட்டு அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவர் வீட்டில் சில குலத்தார் கூடினர். அநீதிக்குள்ளானவர் மக்காவாசியாயினும் வெளியூராராயினும், அவருடைய உரிமை திரும்பக் கிடைக்கும் வரை நாங்கள் அனைவரும் ஒரே கையாக நிற்போம் என்று உறுதி செய்தனர். ஆஸிடம் சென்று சரக்குக்குரியதை மீட்டும் கொடுத்தனர். இதற்கே 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்கூட்டத்தில் இருந்தார்கள். பிற்காலத்தில் மதீனாவில் இருந்தபோதும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய அழைப்பு வருமானால் அதை ஏற்பேன் என்னும் கருத்துப்படச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அது ஒரு சரக்கின் விலையைப் பற்றிய சிறிய வழக்கு. பெரிய தத்துவத்தில் அது பிறக்கவில்லை. இரண்டு, ஒப்பந்தம் செய்தவர்கள் அந்நாளில் முஸ்லிம்கள் அல்லர். நியாயம் என்ற ஒன்றுக்காகக் கூடியவர்கள். மூன்று, ஒரு யுத்தம் தின்று மிஞ்சிய ஊரில், மறுபடியும் வாள் எடுக்காமலே நீதியை நிலைநாட்டும் வழியை அது காட்டிற்று. ஊர்க்குறையும் சமாதானமும் அங்கே ஒரே மேடையில் வந்து நின்றன.

2. கெடாவுக்கு வந்த யுத்தம்

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. அதே மாதம் 11 முதல் 13ஆம் தேதி வரை கெடாவின் வடக்கே ஜித்ராவில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தரப்புப் படை தோற்றுப் பின்வாங்கியது. சில நாட்களுக்குள் கெடா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1943 அக்டோபரில் அவர்கள் கெடாவைச் சயாமின் நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் குடிமக்களின் சம்மதம் கேளாமலே இருமுறை எஜமானர் மாறிவிட்டனர்.

ரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரம் சீவியவர்களுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை, துணி இல்லை. அந்தப் பசியைத்தான் ஜப்பானியர் பயன்படுத்திக்கொண்டனர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பலவந்தமாகப் பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கே மாண்டவர்கள் கணக்கிலடங்கார். சயாம் மரண ரயில் என்று நம்மவர் இன்றும் சொல்வது அதைத்தான்.

இதில் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில், அதாவது ஜப்பானியர் வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் முன்னே சைக்கிளில் இருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகளில் சில. சர்க்கார் பட்டாளத்தைக் கொண்டு அதை அடக்கியது, உயிர்களும் போயின. ஆயினும் கேட்டவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். யுத்தம் வந்த பிறகோ கேட்பதற்கே இடமில்லை. சைக்கிளில் போகும் உரிமை கேட்ட இனத்தை, மூடிய ரயில் வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு அனுப்பிற்று யுத்தம்.

3. கள்ளுக்கடை மறியல்

1945இல் யுத்தம் முடிந்தது. பிழைத்துத் திரும்பியவர்கள் லயங்களில் கண்டது விதவைகளையும் அனாதைகளையும் பசியையுந்தான். மரங்களில் பால் மீண்டும் வடிந்தது. கள்ளுக்கடைகளும் மீண்டும் திறந்தன. தோட்டக் கள்ளுக்கடை சட்டப்படி நடந்த கடை. காலையில் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறும் வரை மரம் சீவி, பால் எடுத்துக் கொட்டிய ஒருவனுடைய சம்பளத்தில் ஒரு பங்கு, அதே தோட்டத்துக் கடைக்கே திரும்பிப் போயிற்று. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அங்கே வியாபாரம் நின்றதில்லை.

இதைத் தடுக்கத் தொழிலாளர்களே கிளம்பினார்கள். சுங்கைப் பட்டாணிக்கு அருகே பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, 1946-47இல் 'தொண்டர் படை' என்னும் இயக்கம் எழுந்தது. அதன் தலைவர் ஏ. எம். சாமி. குடியை ஒழிப்பதும், தோட்ட மக்களிடையே ஒழுங்கையும் தன்மானத்தையும் வளர்ப்பதும் அதன் நோக்கங்கள். அண்ணல் காந்தியடிகளின் மதுவிலக்குப் பிரசாரமும், தமிழ்நாட்டுச் சீர்திருத்த இயக்கங்களும் அவர்களுக்கு ஊக்கமளித்தன. இராஜாஜி 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்ததும் தமிழர் அறிந்த செய்தியே. தொண்டர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். இயக்கம் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் பரவிற்று.

அவர்கள் கேட்டது ராஜ்யமல்ல. கடையை மூடுங்கள் என்பதுதான். இருந்தும், படை என்ற பெயரும், அணிவகுப்பும், கட்டுப்பாடும் தோட்டத் துரைமாருக்கும் சர்க்காருக்கும் அச்சத்தை உண்டாக்கின. தொழிற்சங்கங்களின் கூலிப் போராட்டமும் அதே சமயத்தில் வலுத்திருந்தது. 1947 மார்ச் 3ஆம் தேதி பீடோங்கில் போலீஸார் தொழிலாளர் மீது பாய்ந்தனர். பலர் அடிபட்டனர், பலர் சிறை புகுந்தனர். ஏப்ரல் 28ஆம் தேதி கூலிம் பக்கத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸார் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிர் நீத்தார்.

இங்கே முஸ்லிம்களாகிய நம்மை ஒரு கேள்வி எதிர்நோக்குகிறது. மது நமக்கு ஹராம். அதன் நன்மையைவிடத் தீமை பெரிது என்று குர்ஆன் நமக்குக் காட்டியிருக்கிறது. ஆகையால், "நாம் குடிப்பதில்லை, அவர்கள் குடித்தால் நமக்கென்ன?" என்று பட்டணத்துக் கடைவீதியில் உட்கார்ந்து சொல்லிவிடலாமா? நம் முன்னோர் இந்நாட்டில் பலசரக்குக் கடையும் துணிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துப் பிழைத்தது யாரால்? சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வந்து, பற்றுவரவுக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போன அந்த ஜனங்களால் அல்லவா? கள்ளுக்கடைக்குப் போன ஒவ்வொரு காசும் பிள்ளையின் பாலுக்குப் போகாத காசு. தீமையைத் தன் வீட்டில் மட்டும் விலக்கிக்கொண்டு அண்டை வீட்டை மறப்பவன், நன்மையை ஏவித் தீமையை விலக்கும் கடமையில் பாதியைத்தான் செய்தவனாவான்.

இன்னொரு படிப்பினையும் உண்டு. மறியல் என்பது நெஞ்சைத் தொடுவதற்கு, தோளைத் தள்ளுவதற்கல்ல. குடிப்பவனை அவமானப்படுத்தித் திருத்தப் போகிறோம் என்று இறங்குகிற எந்த இயக்கமும், தன் நியாயத்தைத் தானே குறைத்துக்கொண்டு, அடக்க நினைப்போர் கையில் ஒரு சாக்கையும் கொடுத்துவிடுகிறது. மார்க்கத்திலேயே நிர்ப்பந்தம் கூடாது என்றிருக்க, மதுவிலக்கில் நிர்ப்பந்தம் எப்படிப் பொருந்தும்?

4. பெயர் அவசரகாலம், நடந்தது யுத்தம்

டப்ளின் தோட்டத்துச் சம்பவம் நடந்து ஓராண்டும் சில வாரங்களுமே சென்றன. 1948 ஜூன் 16ஆம் தேதி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். உடனே அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டில் கம்யூனிஸ்டுகள், நாட்டில் பட்டாளம் என்ற நிலை பன்னிரண்டு ஆண்டுகள், 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்து ஏழைக்கு நேர்ந்தது என்ன? விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் வந்தது. அதே 1948 ஜூனில் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் சட்டப்படியான நிலையை இழந்தது. அதன் தலைவராயிருந்த தமிழர் கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். 5 லட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் பல இடங்களில் முள்வேலிக்குள் வந்தன. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. காட்டு வேலைக்குப் போகும்போது சோற்றுப் பொட்டலமும் சோதிக்கப்பட்டது. பகலில் பட்டாளத்துக்கும் இரவில் காட்டுக்காரருக்கும் பயந்து வாழ்ந்த ஜனங்கள், கள்ளுக்கடையை மூடு என்றும் கூலியை உயர்த்து என்றும் எங்கே போய்ச் சொல்வது? கூட்டம் கூடினாலே சந்தேகம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் ஒரே சங்கமாக உருவாகும் வரை பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

வெடிகுண்டு போடுகிறவர்கள் இரு தரப்பிலும் ஏழையின் பெயரைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சத்தத்தில் முதலில் அடங்கிப்போனது ஏழையின் குரல்.

5. பாலிங் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாட்கள்

1955 ஜூலை 27ஆம் தேதி மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்த துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் கூட்டணியின் தலைவராக நின்று, 52 இடங்களில் 51ஐ வென்றார்கள். சுதந்திரமும், காட்டிலிருப்போர்க்குப் பொதுமன்னிப்பு அளித்து யுத்தத்தை முடிப்பதும் அவர்கள் ஜனங்கள் முன் வைத்த வாக்குறுதிகள். செப்டம்பர் 9ஆம் தேதி பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாட்கள் கெடா மாநிலத்துப் பாலிங்கில், அரசாங்க ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில், இரு தரப்பாரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஒரு பக்கம் துங்கு, சிங்கப்பூர் முதல்வர் டேவிட் மார்ஷல், தான் செங் லாக். மறு பக்கம் சின் பெங், சென் தியென், ரஷீத் மைதீன்.

பேச்சு முறிந்தது. கட்சியைச் சட்டப்படி அங்கீகரிக்க வேண்டும் என்று காட்டுத் தரப்பு கேட்டது. அதைத் துங்கு ஏற்கவில்லை. சரணடைவதையும் விசாரணையையும் காட்டுத் தரப்பு ஏற்கவில்லை. 1956 பிப்ரவரி 8ஆம் தேதி பொதுமன்னிப்பும் முடிவுக்கு வந்தது. அப்படியானால் பாலிங் வீணா? இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்பும் இராணுவமும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் கைக்கு வருமானால் சண்டையை நிறுத்துவோம் என்று சின் பெங் அங்கே ஒப்புக்கொண்டார். அந்தச் சொல்லோடு துங்கு அடுத்த மாதம் லண்டன் பேச்சுக்குப் போனபோது அவர்களுடைய கை வலுத்திருந்தது. 1957 ஆகஸ்ட் 31 சுதந்திர நாளாயிற்று. காட்டில் எஞ்சியவர்களோடு இறுதிச் சமாதான ஒப்பந்தம் 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்ஜாயில் கையெழுத்தானது.

பாலிங் மேசையைப் போட்டது யார் என்று கேட்டால், ஓட்டுப் போட்ட ஜனங்கள் என்றே சொல்ல வேண்டும். மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்ற தகுதி இல்லாவிட்டால் துங்குவால் அப்படி ஒரு சந்திப்புக்குப் போயிருக்க முடியாது. ஆனால் அந்தத் தேர்தலில் ஓட்டுரிமை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்ச் சகோதரர்கள். தோட்டத் தமிழரில் பலருக்குக் குடியுரிமையே இல்லை. ஆகவே ஓட்டும் இல்லை. முள்வேலிக்குள் அதிகம் துன்புற்றவர்களுக்கு, அந்த வேலியை நீக்குவது பற்றிச் சொல்ல வாய் இல்லாமற்போயிற்று. அடையாளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் என்பவை வெறும் காகிதம் என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

6. மீண்டும் வராத ஓட்டு

1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவோடு மோதல் நடந்தது. அதைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் நகரசபை, ஊர்சபைத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966 ஆகஸ்டில் இரு நாடுகளும் சமாதானமாயின. நிறுத்தி வைத்த தேர்தலோ திரும்பி வரவில்லை. அதை ஆராய அமைந்த அரச ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் முறை தொடரவேண்டும் என்பதே அக்குழுவின் சிபாரிசு. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஊர்சபைத் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று கெடாவின் நகராண்மைக் கழக உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்கள்.

சகோதரர்களே, முதலில் சொன்ன விவாதத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். நம் தெருச் சாக்கடைக்குப் பொறுப்பானவரை நாம் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் முடியாமற்போனதற்கு முதற்காரணம் ஒரு போர் மோதல். யுத்தத்தைப் பற்றிப் பேசாதே, சாக்கடையைப் பற்றிப் பேசு என்பவர், சாக்கடையின் வரலாற்றையே பாதிதான் படித்திருக்கிறார்.

7. ரப்பர் விலையும் பசியும்

1974ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தது. அரபு-இஸ்ரேல் யுத்தத்தை அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியும், அதனால் மேல்நாடுகளில் தொழில்கள் தளர்ந்ததும் அதற்குக் காரணங்கள். எங்கோ நடந்த யுத்தம் பாலிங் குடியானவனின் சோற்றுப்பானையில் வந்து விழுந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வாண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பாலிங் பட்டணத்தில் சிறுதோட்டக்காரர்களும் பால்மரம் சீவுவோரும் ஆயிரமாயிரமாகத் திரண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க் குடியானவர்கள். டிசம்பர் 3ஆம் தேதி அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் ஊர்வலம் நடத்தினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். அன்று மாணவ, வாலிபர் தலைவராயிருந்த அன்வார் இப்ராஹிம் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார். ரப்பர் விலையைத் தாங்கிப் பிடிக்க அரசாங்கம் திட்டமிட்டது. மறு ஆண்டில் மாணவர் அரசியலைக் கட்டுப்படுத்தும் சட்டமும் கடுமையாக்கப்பட்டது.

பீடோங்கில் கள்ளு, பாலிங்கில் ரப்பர் விலை. ஒன்றில் தமிழர், மற்றொன்றில் மலாய்க்காரர். ஆனால் இரண்டிலும் பேசியது பசி. ஒருவர் பசியை மற்றவர் அறிந்து, கைகோத்திருந்தால் என்னவாயிருக்கும் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். மலாய் மொழியிலும் தமிழிலும் பழகியவர்கள், பள்ளிவாசலில் மலாய்ச் சகோதரர் பக்கத்திலும் கடைவீதியில் தமிழ்ச் சகோதரர் பக்கத்திலும் நிற்பவர்கள் தமிழ் முஸ்லிம்கள். அந்தப் பாலமாக நிற்கும் வாய்ப்பை அல்லாஹ் நமக்குக் கொடுத்திருக்கிறான். பாலத்தை யாரும் பயன்படுத்தாவிட்டால் அது வெறும் மரக்கட்டை.

8. இன்று நம் கடமை

இன்று தோட்டங்களின் தோற்றம் மாறிவிட்டது. பல ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும், வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். தோட்ட வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஸபீத் ஊரிலிருந்து வந்த வியாபாரியைப் போல இனமும் சொந்தமும் இல்லாமல், சம்பளம் பிடித்து வைக்கப்பட்டால் கேட்பாரின்றி நிற்பவர்கள் இன்று அவர்கள்தாம். மதுவின் கொடுமையும் ஒழியவில்லை. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து இந்நாட்டில் பலர் மாண்டபோது, அவர்களில் பெரும்பாலோர் இத்தகைய அந்நியத் தொழிலாளர்களே.

ஆகவே ஊர்ச் சங்கம் எப்படிக் காரியத்தில் இறங்க வேண்டும்?

முதலாவது, ஒரு சமயத்தில் ஒரே குறையை எடுங்கள். பத்தைக் கேட்டால் பத்தும் தள்ளிப்போகும். ஸபீத் வியாபாரியின் வழக்கு ஒன்று. பீடோங் தொழிலாளரின் கோரிக்கையும் ஒன்றாகவே தொடங்கிற்று.

இரண்டாவது, குறையை எண்ணிக் கணக்கெடுங்கள். எத்தனை வீடு, எத்தனை நாள், எத்தனை பிள்ளைகள் என்று எழுதிய மகஜருக்கு உள்ள மதிப்பு, ஆவேசப் பேச்சுக்கு இல்லை.

மூன்றாவது, மகஜரில் எல்லா இனத்தாரின் கையெழுத்தும் இருக்கட்டும். கோயில் நிர்வாகத்தாரிடமும் சூராவ் குழுவினரிடமும் சீனக் கடைக்காரரிடமும் நேரில் சென்று கேளுங்கள்.

நான்காவது, சட்டத்தை அறிந்து நடங்கள். 2012ஆம் ஆண்டு அமைதிக் கூட்டச் சட்டம் போலீஸாருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. கூட்டத்தில் கல்லோ கைகலப்போ வந்தால் கோரிக்கை செத்தது என்று கொள்ளுங்கள்.

ஐந்தாவது, 18 வயதானவர்க்கு 2021 டிசம்பர் முதல் ஓட்டுரிமை உண்டு. நம் வாலிபர்கள், யுவதிகள் எந்தத் தொகுதியில் ஓட்டராக இருக்கிறார்கள் என்பதைச் சரிபார்க்கச் செய்யுங்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத குடும்பம் நம் ஊரில் இருந்தால் அதையே முதல் குறையாக எடுங்கள்.

ஆறாவது, காரியம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், என்ன நடந்தது என்பதைக் கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். பதில் சொல்லாத சங்கத்தை மறுமுறை யாரும் நம்பமாட்டார்கள்.

இனி, சமாதானத்துக்கான வேலை. 2003 பிப்ரவரி 15ஆம் தேதி ஈராக் யுத்தத்தை எதிர்த்து உலகின் பெரும் நகரங்களில் லட்சோபலட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். அடுத்த மாதமே யுத்தம் தொடங்கிவிட்டது. 2023 அக்டோபரில் காஸாவில் யுத்தம் மூண்டபோதும் நம் நாட்டில் ஊர்வலங்களும் நிதி திரட்டலும் நடந்தன. இவை வேண்டியவையே. ஆயினும் ஒரு நாள் ஊர்வலம் யுத்தத்தை நிறுத்தாது. ஆண்டு முழுதும் ஊர்க்குறைக்காகக் கூடிப் பழகிய ஜனங்கள், கணக்குக் காட்டத் தெரிந்த சங்கம், பிற இனத்தாரோடு ஏற்கெனவே கைகோத்த ஊர் ஆகியவை இருந்தால்தான், பாராளுமன்ற உறுப்பினரிடம் போய் "சமாதானத்துக்காகப் பேசுங்கள்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும். நிதி திரட்டினால் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது இருக்கட்டும். தூரத்து யுத்தத்தின் கோபத்தை அண்டை வீட்டு மாற்று மதத்தார்மீது காட்டுவோரைக் கண்டியுங்கள். அவர்கள் ஒரு யுத்தத்தை எதிர்ப்பதாகச் சொல்லி மற்றொன்றுக்கு விதை போடுகிறார்கள். எதிரி சமாதானத்தை நாடினால் தானும் அதை நாடவேண்டும் என்பது மறை காட்டும் நெறி. ஹுதைபியாவில் நாயகம் (ஸல்) அவர்கள், தோழர்களுக்கே கசப்பாகத் தோன்றிய நிபந்தனைகளை ஏற்று ஒப்பந்தம் செய்தார்கள். அதன் நன்மையைப் பின்னர் அத்தோழர்களே கண்டார்கள்.

சாக்கடையைப் பற்றிப் பேசும் சகோதரரும் யுத்தத்தைப் பற்றிப் பேசும் சகோதரரும் ஒரே குழுவில் அமரட்டும். முதலாமவர் இரண்டாமவருக்குக் கணக்கெடுக்கக் கற்றுக்கொடுப்பார். இரண்டாமவர் முதலாமவருக்கு ஊர் எல்லைக்கு அப்பால் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்.

படிப்பு வட்டத்தில் கலந்து பேச:

1. ஹில்ஃபுல் ஃபுளூல் ஒப்பந்தத்தில் முஸ்லிமல்லாதாரோடு நாயகம் (ஸல்) அவர்கள் கலந்துகொண்டதிலிருந்து, நம் சங்கம் பிற சங்கங்களோடு சேர்ந்து செய்யக்கூடிய காரியம் எது?

2. "நமக்கு ஹராம், அவர்களுக்கென்ன?" என்ற மனப்பான்மை மதுவைத் தவிர வேறு எந்தெந்த விஷயங்களில் நம்மிடம் இருக்கிறது?

3. 1947இல் பீடோங் கடைவீதியில் நமக்கொரு கடை இருந்திருந்தால், மறியலின்போது நாம் என்ன செய்திருப்போம்? என்ன செய்திருக்க வேண்டும்?

4. நம் வட்டாரத்தில் சம்பளம் கிடைக்காத அந்நியத் தொழிலாளி ஒருவர் முறையிட விரும்பினால், அவருடைய 'அபூகுபைஸ் மலை' எது? அவர் குரலை யார் கேட்பது?

5. அடுத்த மூன்று மாதங்களுக்கு நம் சங்கம் எடுக்கவேண்டிய ஒரே ஒரு குறை எது? அதற்குக் கணக்கெடுக்க முன்வருபவர் யார்?

ஐந்தாவது கேள்விக்கு ஒருவர் பெயர் எழுதப்படாமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம். நியாயத்தை நாடி, சமாதானத்தைப் பேணி வாழும் நல்லடியார்களின் கூட்டத்தில் வல்ல ரஹ்மான் நம்மையும் சேர்ப்பானாக. ஆமீன்.